பழைய சிற்றலை வானொலிப் பெட்டிகளின் ஆயுள்

மைசூரில் 1935-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10-ஆம் நாள், மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம். வி. கோபாலசுவாமி அவர்கள் தமது இல்லத்திலேயே சிறியதொரு ஒலிபரப்பு நிலையத்தைத் தொடங்கினார். அந்நிலையத்திற்கு இடப்பட்ட ‘ஆகாசவாணி’ என்னும் பெயரே பின்னர் நாடு முழுவதற்கும் உரிய வானொலியின் பெயராயிற்று. 1940-களில் மைசூர் அரசு அந்த நிலையத்தை ஏற்று நடத்தியது. 1955-இல் ஒலிபரப்பு பெங்களூருக்கு மாறியது. 1974-இல்தான் மைசூரில் மீண்டும் ஒரு வானொலி நிலையம் ஏற்பட்டது.

இடைப்பட்ட இருபது ஆண்டுக் காலத்தில் மைசூர்வாசிகளுக்கு உள்ளூர் நிலையம் என்று ஒன்று இல்லை. ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூர் நிலையத்தை மத்திய அலையில் கேட்கலாம். அதற்கு மேல் வேண்டியவற்றிற்கெல்லாம் சிற்றலையையே நாட வேண்டியிருந்தது. கொழும்பிலிருந்து ஒலித்த இலங்கை வானொலியைத் தென்னாடு முழுவதும் கேட்டது சிற்றலையில்தான். 1957 அக்டோபர் 3-ஆம் நாள் தொடங்கப்பெற்ற விவித பாரதியும் தொடக்கத்தில் பம்பாய், சென்னை ஆகிய இடங்களிலிருந்த சிற்றலை ஒலிபரப்புக் கருவிகள் மூலமாகவே நாடெங்கும் எட்டியது. ஆகையால் அக்காலத்தில் வானொலிப் பெட்டி வாங்குவோர் முதலில் கேட்ட கேள்வி, அது சிற்றலையை நன்றாக வாங்குமா என்பதே.

அவ்வாறு வாங்கப்பட்ட மரப்பெட்டி வானொலிகளில் சில, அறுபது எழுபது ஆண்டுகள் கடந்தும் இன்று பாடுகின்றன. பள்ளிகளின் சாமான் அறைகளிலும், பஞ்சாயத்து அலுவலகங்களின் பரண்களிலும், பழைய வீடுகளின் கூடங்களிலும் இன்னும் பல மௌனமாகக் கிடக்கின்றன. இவற்றைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவதா, சீர்ப்படுத்தி வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் ஆசிரியர்களிடமும் களப்பணியாளர்களிடமும் வந்து சேர்கிறது. பெட்டியின் எந்த உறுப்பு எதனால் கெடுகிறது, எது கெடாமல் நிலைக்கிறது என்பதை அறிந்தாலன்றி இம்முடிவைச் சரியாகச் செய்ய இயலாது.

“அந்தக் காலத்துச் சாமான் கெட்டி” என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இதனை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. கெட்டுப்போன பெட்டிகள் உடைத்து விற்கப்பட்டு எப்போதோ மறைந்துவிட்டன. எஞ்சியவை மட்டுமே நம் கண்ணில் படுகின்றன. எஞ்சியவற்றைக் கொண்டு அக்காலப் பெட்டிகள் யாவும் நெடுநாள் உழைத்தன என்று முடிவு கட்டுவது, ஊரிலுள்ள தொண்ணூறு வயது முதியவரைக் காட்டி முன்னோர் அனைவரும் தொண்ணூறு வயது வாழ்ந்தனர் என்பதைப் போன்றது. உண்மையில் அப்பெட்டிகளில் விரைவில் கெடும் உறுப்புகள் பல இருந்தன. ஆயினும் அவை ஒவ்வொன்றையும் தனித்தனியே கழற்றி மாற்ற முடிந்தது. அவற்றின் நீண்ட ஆயுளுக்கு முதற்காரணம் இதுவே.

வால்வுப் பெட்டி ஒன்றின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தால் உலோகத் தட்டு ஒன்றின்மேல் பொதுவாக ஐந்து வால்வுகள் நிற்பதைக் காணலாம். மெக்கானிக்குகள் இத்தட்டினைச் சேஸிஸ் என்பர். முதல் வால்வு, ஏரியல் கொண்டுவரும் அலையைப் பெட்டிக்குள்ளேயே உண்டாக்கப்படும் மற்றோர் அலையோடு கலந்து, 455 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதனை ஒட்டிய ஒரு நிலையான அதிர்வெண்ணாக மாற்றுகிறது. இரண்டாவது வால்வு அதனைப் பெருக்குகிறது. மூன்றாவது அதிலிருந்து குரலைப் பிரித்தெடுத்துச் சிறிது பெருக்க, நான்காவது ஒலிபெருக்கியை இயக்கும் அளவுக்கு வலிமை ஊட்டுகிறது. ஐந்தாவது, வீட்டு மின்சாரத்தை ஒருதிசை மின்சாரமாகத் திருத்தித் தருவது.

வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குடுவை. உள்ளேயிருக்கும் கேத்தோடு என்னும் குழாயின்மேல் பேரியம் முதலிய உலோகங்களின் ஆக்சைடு பூசப்பட்டிருக்கும். அது செந்தணலாகக் காயும்போது எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. நாளடைவில் இப்பூச்சு தேய்கிறது. வெளிப்படும் எலெக்ட்ரான்கள் குறைகின்றன. வால்வின் முதுமை என்பது இதுவே. கடுமையாக உழைக்கும் நான்காவது, ஐந்தாவது வால்வுகள் சில ஆயிரம் மணி நேரத்தில் தளர்வதுண்டு. இலேசான வேலையுடைய மற்றவை அதனினும் பன்மடங்கு நீடிக்கும். நாளொன்றுக்கு 3 மணி நேரம் கேட்கும் வீட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,100 மணி நேரம் பெட்டி ஓடும். அக்கணக்கில் 5,000 மணி நேரம் உழைக்கும் வால்வு நான்கரை ஆண்டில் முடிந்துபோகும். அறுபது ஆண்டு பாடிய பெட்டியென்றால் அதில் வால்வுகள் பலமுறை மாற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது நெடுங்காலம் அது பாடாமலே இருந்திருக்க வேண்டும். மின்விளக்கைக் கழற்றுவதுபோல் வால்வைப் பிடுங்கிப் புதியதைச் செருகலாம் என்பதால் யாரும் இதனைப் பெரிய பழுதாகக் கருதவில்லை. மாற்று வால்வுகள் கிடைப்பதும் ஒரு காலத்தில் எளிதாயிற்று. பெங்களூரில் 1954-இல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் வானொலி வால்வுகளையும், 1962-இல் ஜெர்மானியம் அரைக்கடத்தி உறுப்புகளையும் உற்பத்தி செய்யத் தொடங்கியது.

பெட்டி கெட்டால் வால்வு போய்விட்டது என்று சொல்வது வழக்கம். ஆனால் பழைய பெட்டிகளை மௌனமாக்கியவை பெரும்பாலும் வால்வுகளல்ல, மின்தேக்கிகளே. பழுது பார்ப்போர் இவற்றைக் கண்டென்சர் என்றே வழங்குவர். இவற்றுள் இருவகை முக்கியமானவை.

முதல்வகை, மெல்லிய உலோகத் தகடுகளுக்கிடையே காகிதம் வைத்துச் சுருட்டி, மெழுகில் தோய்த்துச் செய்யப்பட்டது. மெழுகு நாளடைவில் வெடிக்கிறது. காகிதம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்த வேண்டிய உறுப்பு அதனைச் சிறிது சிறிதாகக் கசியவிடத் தொடங்குகிறது. இக்கசிவு எவ்வளவு சிறியதாயினும் தீங்கு பெரிது என்பதற்கு ஒரு கணக்கைக் காண்போம். மூன்றாவது வால்வின் ஆனோடில் 100 வோல்ட் இருக்கிறதெனக் கொள்க. அங்கிருந்து நான்காவது வால்வின் கிரிட்டுக்குக் குரலை மட்டும் கடத்தும் மின்தேக்கியின் தடை ஒரு கோடி ஓமாகக் குறைந்துவிட்டது. கிரிட்டிலிருந்து சேஸிஸுக்குச் செல்லும் தடை 5 இலட்சம் ஓம். அப்போது கிரிட்டில் ஏறக்குறைய 4.8 வோல்ட் நேர் மின்னழுத்தம் ஏறிவிடும். அக்கிரிட், கேத்தோடைவிட ஏழு வோல்ட் அளவு குறைவாக இருக்க வேண்டியது. கட்டுப்பாடு தளர்ந்ததால் நான்காவது வால்வு அளவுக்கு மீறிய மின்சாரத்தை இழுத்துக் கொதிக்கிறது; அதனோடு இணைந்த மின்மாற்றியின் தலைமயிர் போன்ற கம்பிச்சுற்று கருகுகிறது; திருத்தி வால்வும் தளர்கிறது. சில ரூபாய் விலையுள்ள ஒரு சுருள் ஈரமானதால் பெட்டியின் விலைமிக்க உறுப்புகள் மூன்று பாழாகின்றன. இந்த ஒரு மின்தேக்கியை மட்டும் காலத்தில் மாற்றிய வீடுகளில் பெட்டி பிழைத்தது எனில் மிகையாகாது.

இரண்டாம்வகை எலெக்ட்ரோலிட்டிக் என்பது. மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்டும் பெரிய உருளைகள் இவை. அலுமினியத் தகட்டின்மேல் மின்வேதி முறையில் உண்டாக்கப்பட்ட ஆக்சைடுப் படலமே இவற்றின் மின்காப்பு. 300 வோல்ட்டைத் தாங்கும் அப்படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உள்ளிருக்கும் மின்பகு திரவம் வெப்பத்தால் வறண்டுபோவது ஒரு குறை. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் தோராயமான விதி. மற்றொரு குறை வியப்புக்குரியது. மின்னழுத்தம் படாமல் நெடுங்காலம் கிடந்தால் அந்த ஆக்சைடுப் படலம் தானாகவே சிதையும். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை படலமும் தன்னைத்தானே புதுப்பித்துக் கொண்டிருக்கும்.

ஆகவே பூட்டி வைத்த பெட்டி பத்திரமாக இருக்கிறது என்று எண்ணுவது தவறு. ஐந்து வால்வுப் பெட்டி ஒன்று 40 முதல் 50 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்படுகிறது. மாலைதோறும் சில மணி நேரம் ஓடும் பெட்டி தன் ஈரத்தைத் தானே உலர்த்திக் கொள்கிறது. துணி போர்த்தி மூலையில் வைக்கப்பட்ட பெட்டி ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஈரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. எலி கூடு கட்டுவதும், ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைப் பூச்சி அரிப்பதும், மரச்சட்டத்தைக் கரையான் பிடிப்பதும் ஓடாத பெட்டியில்தான்.

இங்குத் தட்பவெப்ப நிலையையும் கருத வேண்டும். மைசூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடும் வெயிலும் கடும் மழையும் அங்கு அரிது. கடலும் தொலைவில் உள்ளது. அதே நாளில் அதே தொழிற்சாலையிலிருந்து வந்த இரு பெட்டிகளில் ஒன்றை மைசூருக்கும் மற்றொன்றை நாகப்பட்டினத்திற்கும் அனுப்பியிருந்தால், இரண்டும் ஒரே அளவு நீடித்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கடற்கரைக் காற்றிலுள்ள உப்பு சேஸிஸைத் துருப்பிடிக்கச் செய்கிறது. மெல்லிய செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏற்றி அறுக்கிறது. கடற்கரை வேண்டுமென்பதுகூட இல்லை. மைசூருக்கு மேற்கே, மலைமேலுள்ள குடகில் தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் கொட்டும். அங்கே காகித மின்தேக்கிகளும் மரச்சட்டத்தின் ஒட்டுகளும் மைசூரில் உள்ளவற்றைவிட விரைவில் தளர்வது இயல்பே. பெட்டியை மதிப்பிடுவோர் தயாரிப்பாளரின் பெயரைப் பார்ப்பதோடு, அது எந்த ஊரில், எந்த அறையில் இருந்தது என்பதையும் விசாரித்தல் நலம்.

ஏறக்குறைய அழியாதவை என்று சொல்லத்தக்க உறுப்புகளும் பல உண்டு. அலையைத் தேர்ந்தெடுக்கும் கேங் மின்தேக்கி காற்றையே மின்காப்பாகக் கொண்டது. தூசியைத் தட்டிவிட்டால் போதும். அபிரகத்தால் செய்யப்பட்ட மின்தேக்கிகள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஒலிபெருக்கியின் காந்தம் தலைமுறைகளுக்கு நிலைக்கும். பேக்கலைட் சட்டம் கீழே விழாதவரை உழைக்கும். விழுந்தால் பீங்கான் போல் உடையும். இதற்கு மாறாக, ரப்பர் உறையிட்ட கம்பிகள் காய்ந்து உதிர்ந்து உள்ளிருக்கும் செம்பை வெளிக்காட்டும். கரித் தடைகளின் மதிப்பு மெல்ல உயர்ந்துகொண்டே போகும். முள்ளை நகர்த்தும் டயல் நூல் அறுவது எல்லோரும் அறிந்ததே.

இவையெல்லாம் எவ்வகை வானொலிக்கும் பொது. சிற்றலைக்கென்று தனியாக ஒரு கடுமை இருக்கிறது. சிற்றலை என்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்கள். இவ்வலைகள் வான்வெளியிலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் கடல் கடந்தும் கேட்கின்றன. பழைய டயல்களில் இவை மீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மீட்டர் கிடைக்கும். 15 மெகாஹெர்ட்ஸ் என்பது 20 மீட்டர். இனி, பெட்டிக்குள் உண்டாகும் அலை முதுமையினாலோ வெப்பத்தினாலோ ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகுவதாகக் கொள்வோம். மத்திய அலையில் 1 மெகாஹெர்ட்ஸ் அருகே அப்பிசகு ஏறக்குறைய ஒன்றரை கிலோஹெர்ட்ஸ். காது அதனைப் பொருட்படுத்தாது. 15 மெகாஹெர்ட்ஸில் அதே பிசகு 15 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும். சிற்றலையில் நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைவதால், கேட்டுக்கொண்டிருந்த நிலையம் நழுவி வேறொன்று வந்துவிடும்.

முதல் வால்வு தளரும்போதும் இதுவே நிகழ்கிறது. உள் அலையை உண்டாக்கும் ஆற்றல் முதலில் உயர்ந்த அதிர்வெண்களில்தான் குன்றும். மத்திய அலையில் நிலையங்கள் தெளிவாகக் கேட்க, சிற்றலையின் மேற்பகுதி மட்டும் ஊமையாக இருந்தால், சந்தேகிக்க வேண்டியது முதல் வால்வையும், அலைவரிசை மாற்றும் பாண்ட் சுவிட்சையும். அச்சுவிட்சின் வெள்ளி பூசிய தொடுமுனைகள் கறுத்துப்போவதுண்டு. ஈரமில்லாத ஸ்பிரிட்டில் துடைத்து, சுவிட்சைப் பலமுறை திருப்புவதாலேயே செத்துப்போனதாகக் கருதப்பட்ட பெட்டி பேசிய நிகழ்ச்சிகள் ரேடியோ மெக்கானிக்குகளுக்குப் புதியனவல்ல. மணற்காகிதத்தால் தேய்ப்பது கூடாது; வெள்ளிப் பூச்சே போய்விடும்.

டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 1960-களில் டிரான்சிஸ்டர் வானொலிகள் இந்தியக் கிராமங்களுக்கு வந்தன. மின்சாரம் இல்லாத ஊர்களில் அதுவரை பயன்பட்ட வால்வுப் பெட்டிகளுக்கு 90 வோல்ட் தரும் பெரிய உலர் மின்கல அடுக்குகள் தேவைப்பட்டன. அவற்றின் விலையே பல பெட்டிகளை மௌனமாக்கியது. டிரான்சிஸ்டருக்கு டார்ச்சு மின்கலங்கள் சில போதும். 1966-இல் வானொலி நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் தொடங்கியதும், தஞ்சைப் பகுதி உழவர்கள் ஏ.டி.டி. 27 என்னும் நெல்லை வானொலி வழியாக அறிந்து அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்ததும் களப்பணியாளர்கள் பலர் அறிந்த செய்தி. அந்நெல் பரவியதில், கயிற்றுக்கட்டிலருகே தொங்கிய எளிய பெட்டிகளுக்கும் பங்குண்டு.

டிரான்சிஸ்டரில் தேயும் இழை இல்லை; வெப்பம் மிகக் குறைவு. ஆகவே அது வால்வைவிட நெடுநாள் உழைக்க வேண்டும். பொதுவாக உழைக்கவும் செய்கிறது. ஆயினும் விதிவிலக்கு உண்டு. 1960-களில் பரவலாகக் கையாளப்பட்ட ஏ.எஃப். 117 முதலிய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களின் உட்புறத்தில் மயிரிழை போன்ற வெள்ளீய முளைகள் தாமாகவே வளர்ந்து, உலோக உறைக்கும் உள்ளிருக்கும் கம்பிகளுக்கும் இடையே இணைப்பு உண்டாக்கிவிடுகின்றன. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவை வளரும். டிரான்சிஸ்டர் பெட்டிகளின் பெரும்பகையோ இதனினும் எளியது: எடுக்க மறந்த மின்கலம். துத்தநாக உறை கரைந்து வழியும் திரவம் தொடுமுனைகளையும் அச்சிட்ட செம்புத் தடங்களையும் அரித்துவிடும்.

இக்காலத்துச் சிறு வானொலிகளில் ஏறக்குறைய எல்லா வேலையையும் ஒரு சில்லு செய்துவிடுகிறது. அச்சில்லு எளிதில் கெடாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கெட்டால் மாற்றுச் சில்லு கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஊர்க்கடையில் அதனைப் பற்றவைக்கும் கருவி இருப்பதில்லை. முன்னாளில் பெட்டியின் பின்பலகையில் மின்சுற்றுப் படத்தையோ வால்வுகளின் இடத்தையோ ஒட்டி அனுப்புவர். பழுதுபார்ப்பு என்பது எதிர்பார்க்கப்பட்ட காரியமாக இருந்தது. சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூர் எஸ்.பி. சாலையிலும் பழைய உறுப்புகளுக்கு ஈடாகும் புதிய மின்தேக்கிகளையும் தடைகளையும் இன்றும் வாங்கலாம். உரிய வால்வு கிடைப்பதுதான் அரிதாகி வருகிறது.

பெட்டியைச் சீர்ப்படுத்திவிட்டாலும் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. ஆஸ்திரேலிய வானொலி 2017 ஜனவரி 31-இல் சிற்றலையை விட்டது. 1941-இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் நாளோடு முடிந்தது. பல நாட்டு நிலையங்கள் இவ்வாறே விலகிவிட்டன. எண்ணியல் முறையில் வரும் புதிய ஒலிபரப்புகள் பழைய பெட்டியில் வெறும் சீறலாகவே கேட்கும். இதனால் நேரும் தவறு யாதெனில், பழுதற்ற பெட்டியும் பழுதானதாகக் கருதப்படுகிறது. முன்பு நிலையம் இருந்த இடத்தில் முள்ளை வைத்து, ஒன்றும் கேளாமையால் பெட்டியை ஒதுக்கிவிடுகின்றனர். எல்.இ.டி. விளக்குகளும் தொலைபேசி மின்னேற்றிகளும் உண்டாக்கும் இரைச்சல் நகரங்களில் இதனை மேலும் சிக்கலாக்குகிறது. டிரான்சிஸ்டர் பெட்டியானால் இரவு எட்டு மணிக்குமேல் ஊருக்கு வெளியே வயல்வெளிக்கு எடுத்துச் சென்று, 31, 41, 49 மீட்டர்ப் பகுதிகளைத் துழாவிப் பார்ப்பதே சரியான சோதனை. எஞ்சியுள்ள அயல்நாட்டு நிலையங்களில் ஒன்றேனும் அங்குப் பிடிபட்டால் பெட்டி நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். வால்வுப் பெட்டியானால் வீட்டின் மற்ற விளக்குகளையும் கருவிகளையும் அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

சாமான் அறையிலிருந்து எடுத்த வால்வுப் பெட்டியை உடனே மின்சாரத்தில் செருகிப் பார்க்கும் ஆவல் எவருக்கும் எழும். கெடாதிருந்த உறுப்புகளையும் கெடுக்கும் செயல் அது. சிதைந்த ஆக்சைடுப் படலத்தின்மேல் திடீரென 300 வோல்ட் பாய்ந்தால் மின்தேக்கி வெடிக்கவும் கூடும். முதலில் தூசியையும் எலிக்கூட்டையும் நீக்கிக் கம்பிகளின் உறையைப் பார்த்தல் வேண்டும். பின்னர், தேர்ந்த மெக்கானிக் ஒருவரைக்கொண்டு காகித மின்தேக்கிகளைச் சோதித்து மாற்றிவிட்டு, 60 வாட் இழை விளக்கு ஒன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் செலுத்த வேண்டும். எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. விளக்கு முதலில் பளிச்சிட்டுப் பின் மங்கினால் நல்ல குறி. முழு ஒளியோடு நின்றுவிட்டால் உள்ளே எங்கோ மின்சாரம் குறுக்கே பாய்கிறது என்று அறிந்து உடனே நிறுத்த வேண்டும்.

பள்ளியில் இவற்றைக் கையாளும் ஆசிரியர் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. மாறுதிசை, ஒருதிசை ஆகிய இருவகை மின்சாரத்திலும் ஓடுமாறு செய்யப்பட்ட பெட்டிகளில் மின்மாற்றி கிடையாது. அவற்றின் உலோகத் தட்டு நேரே வீட்டு மின்கம்பியோடு இணைந்திருக்கும். குமிழ் கழன்ற தண்டைத் தொட்டாலும் உயிருக்கு ஆபத்து. மற்ற பெட்டிகளிலும் மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் வடிகட்டி மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். மாணவர்கள் திறந்து பார்த்துக் கற்பதற்கு ஏற்றது டிரான்சிஸ்டர் பெட்டியே. 3 அல்லது 6 வோல்ட்டால் தீங்கில்லை.

சீரான பெட்டியை மாதத்திற்கு ஒருமுறையும், மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையும் ஒருமணி நேரம் ஓடவிடுதல் நலம். எந்த நாளில் எந்த உறுப்பு மாற்றப்பட்டது, எந்த அலையில் எந்த நிலையம் கேட்டது என்பதை ஓர் அட்டையில் எழுதிப் பின்பலகையின் உட்புறம் ஒட்டி வைத்தால், அடுத்துப் பெட்டியைத் திறப்பவருக்குப் பாதி வேலை குறையும். டிரான்சிஸ்டர் பெட்டியை எடுத்து வைக்கும்போது மின்கலங்களை அகற்றிவிட வேண்டும். வெளி ஏரியல் கட்டியிருந்தால், இடி மின்னல் காலத்தில் அதனைப் பெட்டியிலிருந்து கழற்றி எர்த்துக் கம்பியோடு இணைத்து, மின்செருகியையும் பிடுங்கி வைத்தல் வேண்டும்.